வெற்றிகரமான நூறாவது நாள்

நடப்பதற்கு ஆகும் நேரத்தைவிட, எவ்வளவு தூரம் நடந்து வந்தோம் என்று திரும்பிப் பார்க்க அதிக நேரம் எடுத்துக்கொள்ளும் ஓர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. பயப்பட வேண்டாம், கடிக்காது. ஸ்டேட்டஸ் மட்டும் போடும்.

இவர்களை 'நாள்போடுவோர்' என்று வைத்துக்கொள்வோம். யோகா, இந்தி, எடைக்குறைப்பு என்று எல்லா இடத்திலும் மேயும் இனம்தான் என்றாலும், வெப்சைட் செய்யத் தாமே கற்றுக்கொள்கிறவர்களிடம்தான் இது கொழுத்து வளர்கிறது. வாத்தியார் கிடையாது, பரீட்சை கிடையாது, பெயிலாக்க ஆளே கிடையாது. ஆகவே தினமும் தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே தன் முதுகில் தட்டிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. கை வலிக்காதா பின்னே?

ஆலங்குடி திருமுருகன் இதில் அசல் ரகம். பகலில் மோட்டார், பைப் விற்கும் கடையில் வேலை. விடிந்ததும் கணினி முன் ஒரு மணி நேரம் பயிற்சி. அதில் பத்து நிமிடம், நேற்று என்ன படித்தோம் என்று டைரியைப் புரட்டுவார். பத்து நிமிடம், திரையில் இருக்கும் ஒரு பொத்தானைப் பச்சையிலிருந்து நீலத்துக்கு மாற்றுவார். மீதி நாற்பது நிமிடம், பச்சையையும் நீலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, 'நாள் 41: ஒரு பொத்தான் எனக்குக் கற்றுத்தந்த பொறுமை' என்று எழுதுவார். பொறுமையாக இருந்தது அவரா, அவர் மனைவியா?

மனைவி இளமதி, வீட்டு முன்னறையில் ஆரி வேலைப்பாடு செய்த ரவிக்கைகள் தைக்கிறார். ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது. கல்யாண ஆர்டர்களோ, இணையத்தில் படம் போட்டு வைத்திருக்கும் அறந்தாங்கிக் கடைக்காரம்மாவிடம் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கின்றன. இந்த சீசன் கைவிட்டுப் போனால் ஐப்பசி வரைக்கும் தையல் மெஷினுக்கு ஓய்வுதான்.

"ஏங்க, நாலு போட்டோ, ஒரு போன் நம்பர். இதுக்கு எத்தன நாளுங்க?"

"அப்படிக் கேக்கக் கூடாது இளமதி. மொத நாள் நான் எங்க இருந்தேன், இன்னைக்கு எங்க இருக்கேன்?"

"அதே சேர்லதான் இருக்கீங்க."

நூறாவது நாளும் வந்தது. சும்மா சொல்லக்கூடாது, இளமதியின் ரவிக்கைகளுக்கான வெப்சைட் பக்கம் அழகாகவே வந்திருந்தது. அத்தோடு விட்டாரா? பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார். கோட்டு போட்டுக் கைகட்டி நிற்கும் திருமுருகன்; தலைக்கு மேல் 'வெற்றிகரமான நூறாவது நாள்'; மூலையில் கட்டைவிரல் அகலத்தில் இளமதியின் ரவிக்கை; காலடியில் வெப்சைட் முகவரி, தினமும் தன் திரையில் பார்த்த அதே எண்கள்: 127.0.0.1:5500. இளமதியின் போன் நம்பர்? இடமில்லை. கோட்டு அகலம்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த எண்ணை எந்தக் கணினியில் அடித்தாலும் அது வெளியே எங்கும் போகாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும், கண்ணாடி மாதிரி. திருமுருகன் அடித்தால் திருமுருகனின் வெப்சைட் வரும். நீங்கள் அடித்தால் உங்கள் போன் உங்களைப் பரிதாபமாகப் பார்க்கும். ஊரார் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்தை இணையத்தில் ஏற்ற வேண்டும். அது நூற்றிரண்டாம் நாள் பாடம்.

முதலில் வந்தவர் செங்கமலம். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர். பஸ்ஸை விட்டு இறங்கியவர், டீக்கடையில் வழி கேட்டு நேரே வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தம்பி, போர்டுல இருக்க நம்பருக்கு, புள்ளியெல்லாம் விட்டுப்புட்டுப் போன் அடிச்சேன். சரியாப் பத்து நம்பருதான். அப்படி ஒரு நம்பரே இல்லைங்கிறா அந்தப் பொண்ணு."

"அது போன் நம்பர் இல்லக்கா, வெப்சைட்டு. இங்கிட்டு உள்ள வாங்க, எனக்கு எப்படித் தொறக்குதுன்னு பாருங்க."

"ஒனக்குத் தொறந்து என்னப்பா? கல்யாணம் எம் மகளுக்கில்ல?"

கணினி இருக்கும் அறைக்கு முன்னறையைத் தாண்டித்தான் போக வேண்டும். செங்கமலம் தாண்டவில்லை. மயில்கழுத்து நிறத்தில் ஒரு ரவிக்கை ஹேங்கரில் தொங்கியது. அவர் அதன் கையைத் தடவிப் பார்ப்பதற்குள் இளமதி அளவு நாடாவை எடுத்துவிட்டார். அன்று பொழுது சாய்வதற்குள் 'தொறக்கலையே' என்று சண்டைக்கு வந்தவர்கள் பதினோரு பேர். துணி கொடுத்துவிட்டுப் போனவர்கள் ஏழு பேர்.

திருமுருகன் டைரியில் எழுதினார்: 'நாள் 100: இன்று நேரடி வருகையாளர்கள் பதினோரு பேர்.' பொய்யென்று யாராவது சொல்ல முடியுமா?

இப்போது அந்த ஃப்ளெக்ஸில் கோட்டை மறைத்து, இளமதியின் போன் நம்பர் பெரிதாக ஒட்டப்பட்டிருக்கிறது. முகத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். தாலி கட்டியவர் அல்லவா.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் நடுவில் ஒருமுறை, இதுவரை எவ்வளவு படித்துவிட்டோம் என்று மேலே திரும்பிப் பார்த்தீர்களே, ஒரு சின்னத் திருப்தியோடு? யாரும் கவனிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். உங்களிடம் நாலு போட்டோவும் ஒரு நம்பரும் கேட்டுவிட்டு அடுத்த அறையில் காத்திருக்கிறாரே ஒருவர், அவர் பார்த்துவிட்டார்.