வேங்கிக்காலில் ஒரு ஸ்வீடன்

திருவண்ணாமலையில் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் ஆயிரம் பேர் உண்டு. ஜன்னலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் என்று அடித்துச் சொல்வேன். அவரோடு தேரடி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில், ஒரே அறையில், மூன்று வருடம் குப்பை கொட்டியிருக்கிறேன். அவருடைய நிஜப் பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. எல்லாருக்கும் அவர் ‘ஸ்வீடன்’.

மாவட்டத்தைப் புதுசாகப் பிரித்து, வேங்கிக்கால் பக்கம் வீடுகள் முளைத்துக்கொண்டிருந்த தொண்ணூறுகள் அவை. அவருக்கு வீட்டு பிளான் வரைகிற வேலை. ஆசிரமத்துப் பக்கம் வாடகைக்கு இருந்த ஸ்வீடன் நாட்டு அம்மா ஒருவர், பாத்ரூமுக்கு பிளான் போட்டுத் தந்ததற்காக இவருக்கு ஒரு தடிமனான படப் புத்தகத்தைப் பரிசளித்துத் தொலைத்தார். புத்தகம் முழுக்க அந்த நாட்டு நவீன வீடுகள். வெள்ளைச் சுவர், அகல ஜன்னல், வளைத்த மரத்தில் மொழுமொழுவென்று நாற்காலி. பயன் இல்லாத அலங்காரம் வீட்டுக்கு ஆகாது என்பது அவர்கள் கொள்கையாம். ஒரே வாரத்தில் மனிதர் கட்சி மாறிவிட்டார்.

முதல் பலி எங்கள் அறை காலண்டர்.

“இது எதுக்குய்யா?”

“தேதி பாக்கத்தான்யா.”

“தேதிதான் பேப்பர்லயே இருக்குதே!” என்று கழற்றி எறிந்தார்.

அடுத்து, முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்ற நாற்காலி என்று ஒன்றைத் தானே செய்துகொண்டு வந்தார். யாருடைய முதுகெலும்பு என்று தெரியவில்லை. நான் உட்கார்ந்தால் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்க் கட்டிலுக்கு அடியில் நிற்பேன். “நீ உக்கார்றதுதான்யா தப்பு” என்பார்.

ரிடையரான அதிகாரி ஒருவர் வீட்டு முகப்பில் சிமெண்டில் கஜலட்சுமி வேண்டும், ரெண்டு பக்கமும் யானை வேண்டும் என்று ஆசைப்பட்டார். “எதுக்கு சார்?” என்று இவர் கேட்டுவிட்டார்.

“எதுக்கா? லட்சுமி எதுக்குன்னு கேக்கறவன்கிட்ட வேலயக் குடுத்தா வெளங்குமாய்யா?” என்று அவர் எறிந்த பிளான் சுருள் என் மேல்தான் விழுந்தது.

கடைசியில் வேங்கிக்காலில் தனக்கே ஒரு வீடு கட்டினார். நாலு ஜன்னல். ஒவ்வொன்றிலும் லாரி நுழையலாம். “வெளிச்சம் ஜாஸ்தி வேணும்யா. அந்த ஊர்ல வெளிச்சம்தான் சாமி” என்றார். சித்திரை மாதம் அந்தச் சாமி நேராக உள்ளே வந்ததில், பிளாஸ்டிக் குடம் இடுப்பு ஒடிந்து உட்கார்ந்துவிட்டது. இவர் எத்தனை இட்லி சாப்பிட்டார் என்பது பஸ்ஸில் போகிறவர்களுக்கெல்லாம் தெரியும். பகலெல்லாம் அங்கே இருந்துவிட்டு, ராத்திரி படுக்க மட்டும் லாட்ஜுக்கு வந்துவிடுவார்.

வீடு அமைந்தது, பெண்தான் அமையவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் ஷோகேஸ் பொம்மையைக் காட்டி “இது எதுக்கு?” என்று கேட்டால் யார் பெண் கொடுப்பார்கள்? கேசரியோடு அனுப்பிவிடுவார்கள். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விவசாயம் செய்கிற ஒருவரின் மகள், டீச்சர் மல்லிகா. அந்த வீட்டில் டீவி மேலிருந்த பிளாஸ்டிக் ரோஜாவை இவர் பார்த்தார். நான் தொடையைக் கிள்ளியும் கேட்டுவிட்டார்.

“இது எதுக்குங்க?”

உள்ளேயிருந்து மல்லிகாவின் குரல் வந்தது: “பொண்ணு பாக்க வர்றவங்க கேக்கறதுக்குங்க.”

மனிதர் அங்கேயே விழுந்துவிட்டார். திரும்பி வரும்போது ஜன்னலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

நிச்சயத்துக்கு முன்னால் மல்லிகாவும் அவள் அப்பாவும் வீடு பார்க்க வந்தார்கள். நானும் கூட இருந்தேன்.

“வீடு நல்லாருக்குங்க. ஜன்னலுக்கு மட்டும் ஸ்கிரீன் போட்டுடுங்க. பூப்போட்ட துணியா” என்றாள் மல்லிகா.

“பூவா? அதெல்லாம் ஸ்வீடன்ல ஒத்துக்க மாட்டாங்க. வெளிச்சம் வேற கம்மியாயிடும்.”

“பஸ்ல போறவங்க பாக்க நான் குடித்தனம் பண்ண முடியாதுங்க. ஸ்கிரீன் வந்தா நான் வர்றேன். இல்லனா வேற பொண்ணு பாருங்க.”

“ஏம்மா, ஒரு துணிக்காகவா?” என்றார் அப்பா.

“துணிக்காக இல்லப்பா. என் பேச்சு இந்த வீட்ல எடுபடுமான்னு தெரிஞ்சிக்கணும்.”

ஸ்வீடனின் முகம் செத்துவிட்டது. அவளை விடவும் மனசில்லை, கொள்கையை விடவும் மனசில்லை. “அந்த ஸ்வீடன் அம்மாவையே கேட்டுடலாம். அவங்க என்னா சொன்னாலும் கட்டுப்படறேன்” என்றார். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறினோம். அந்த அம்மா இவர் பக்கம் பேசித் தொலைத்தால் கல்யாணம் போச்சே என்று வழியெல்லாம் மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தேன்.

போய் இறங்கினோம். அந்த அம்மா வீட்டு ஜன்னலில் ஒரு திரை தொங்கியது. ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அளவு. நடுவில் கொடி, கொடியில் நீலத்திலும் சிவப்பிலும் பறவைகள். எங்கள் ஊர் ஜவுளிக்கடைக்காரர்களே எடுத்துப் போடக் கூச்சப்படுவார்கள்.

“இது… இங்க வாங்கினதுங்களா?” என்றார் ஸ்வீடன், திரையின் ஓரத்தைப் புரட்டிப் பார்த்தபடி.

“இல்ல, இல்ல! ஸ்வீடன்! எங்க அம்மா வீட்டு துணி” என்று அந்த அம்மா தனக்குத் தெரிந்த தமிழில் பூரித்தார். “புக்ல நாற்காலி பாத்தீங்கல்ல? அந்த மாதிரி வீட்லதான் இது இருக்கும். ரொம்ப பேமஸ்!”

“இது எதுக்கும்மா?”

“எங்க ஊர்ல குளிர் வந்தா பூவே இல்ல. வெளிய எல்லாம் வெள்ள. அதான் இத பாத்துட்டே இருப்போம். சந்தோஷமா இருக்கும்.”

எனக்குச் சிரிப்பே வரவில்லை. பாவமாக இருந்தது. அந்த நிமிஷம் மல்லிகா களுக்கென்று சிரித்திருந்தால் மனிதர் செத்தே போயிருப்பார். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து, “ஏங்க, துணி எடுக்க எப்ப போலாம்?” என்று மட்டும் கேட்டாள். அந்த இடத்தில் அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு.

“இப்பவே போலாங்க” என்றார் ஸ்வீடன்.

கல்யாணம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வேங்கிக்காலுக்குப் போனேன். மூன்று ஜன்னலில் பூப்போட்ட திரை. மலையைப் பார்த்த மேற்கு ஜன்னல் மட்டும் திறந்து கிடந்தது. “துணி பத்தலயாம்மா?” என்று கேட்டேன்.

“துணி மீதி கீதுங்க” என்றாள் மல்லிகா. “அது ஒண்ணு அவருக்கு. இருந்துட்டுப் போவட்டும்.”

அந்த ஜன்னலுக்கு எதிரே, சாயங்கால வெயில் மூஞ்சியைப் பொசுக்க, ஸ்வீடன் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவர் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை.

இருட்டுவதற்குள் லாட்ஜுக்குத் தனியாகத் திரும்பினேன். இந்த ஆள் எப்போது ஒழிவான் என்று மூன்று வருடம் புலம்பிய எனக்கு, அந்த அறையைத் திறந்து உள்ளே போக மனசே வரவில்லை.