இசக்கிப்ரியா சாப்பிடவில்லை

மாலையில் மகளின் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்தான் ஜெயகணேஷ். காலையில் வைத்த இட்லிகள் வைத்தது வைத்தபடி இருந்தன.

"ஏன் பாப்பா சாப்பிடல?"

"பசிக்கலப்பா" என்றாள் யு.கே.ஜி. படிக்கும் இசக்கிப்ரியா.

அவன் மனைவி காயத்ரிக்குக் கடலூரில் பேங்க் வேலை கிடைத்திருந்தது. வேலை உத்தரவு வந்த அன்று அவள் முகத்தில் பார்த்த சந்தோஷத்தைக் கல்யாணத்தன்றுகூட அவன் பார்த்ததில்லை. "டிபன் கட்டுறது என் பொறுப்பு" என்று வீறாப்பாகச் சொல்லி, தான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் கெஞ்சிக் கூத்தாடி நைட் ஷிப்ட் வாங்கியிருந்தான்.

"புள்ள இப்படிப் பட்டினி கெடந்தா நான் வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துடுவேங்க" என்றாள் காயத்ரி.

கீழ் வீட்டுப் பொற்கொடியிடம் யோசனை கேட்டான்.

"எங்க கார்முகிலு டப்பாவ நக்கித் தொடைச்சிகினு வர்றான். கழுவுற வேலையே இல்லைங்க. எலுமிச்சம்பழ சோறு குடுத்துப் பாருங்க."

கொடுத்தான். அப்படியே திரும்பி வந்தது.

"பொற்கொடி ஆன்ட்டி இதுல வேர்க்கடலை போடுவாங்க. உனக்குத் தெரியாதாப்பா?"

கேள்வி ஞானத்திலேயே குறை சொல்கிறது, அம்மாவைப் போலவே என்று நினைத்துக்கொண்டான்.

அடுத்து எதிர் குவார்ட்டர்ஸ் செவ்வந்தி.

"எங்க பொண்ணு ஒரு பருக்கை மிச்சம் வைக்காதுங்க. சப்பாத்தில உருளைக்கிழங்கச் சுருட்டிக் குடுங்க. காலி டப்பா வந்தா சாக்லேட்டுனு சொல்லி வைங்க."

ஜெயகணேஷ் சுட்ட சப்பாத்தியைச் சுருட்டினால் உடைந்தது. உடைந்ததை நூல் போட்டுக் கட்டி அனுப்பினான். மாலையில் நூல்கூட அவிழாமல் வந்தது. மனசு கேட்காமல் சாக்லேட்டையாவது நீட்டினான்.

"வேணாம்பா. வயிறு ஃபுல்."

சாக்லேட்டை வேண்டாம் என்ற பிள்ளையை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் குழந்தையை எடை மிஷினில் நிறுத்திப் பார்த்துவிட்டு இவனை முறைத்தார்.

"ஏன் சார் இப்படிப் போட்டுத் திணிக்கிறீங்க? போன தடவைக்கு நாலு கிலோ ஏறியிருக்கு. சாப்பாட்டக் கொறைங்க."

"சாப்பிடவே மாட்டேங்குது டாக்டர்!"

"எல்லா அப்பாவும் இதத்தான் சொல்றாங்க."

வீட்டில் காயத்ரி நம்பவில்லை. "மிஷின் ரிப்பேராயிருக்கும். நான் திங்கக்கெழம எழுதிக் குடுத்துடறேன்" என்றவள், ஐ.டி. கார்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடைசி அஸ்திரம். நைட் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு, நெய்யும் பண்ருட்டி முந்திரியும் மிதக்க மிதக்கச் சர்க்கரைப் பொங்கல் கிண்டினான். டப்பா பத்தாமல், தான் மைன்ஸுக்குக் கொண்டுபோகும் கேரியரிலேயே நிரப்பினான். ஸ்கூல் வேன் வந்ததும் டிரைவர் அய்யனாரிடம் அதைக் கொடுத்தான்.

"அண்ணே, உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். எப்படியாவது இத அவளச் சாப்பிட வச்சிடுங்க. இல்லன்னா என் பொண்டாட்டி வேலையே போயிடும்."

அய்யனார் கேரியரைத் தூக்கிப் பார்த்தார். பின்சீட்டில் டப்பாக்களை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த குழந்தைகளைத் திரும்பிப் பார்த்தார். பெருமூச்சு விட்டார்.

"ஸ்கூல் போறதுக்குள்ள இந்த ஏழு புள்ளைங்க டிபனையும் பாப்பா ஒண்டியா துன்னு முடிக்குது சார், இதையும் எங்க கொண்டுபோய் வைக்கும்?"