எங்கள் நாய் குண்டு

"தெரியாது" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அந்த ஒரு விநாடியை மிச்சம் பிடித்து, மானத்தை மொத்தமாகச் செலவழித்தவள் நான்.

ஹைதராபாத்தில் மௌலா அலி பக்கம் ஒரு பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாகச் சேர்ந்தபோது, டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ எல்லாம் பழக்கமா என்று பிரின்சிபால் கேட்டார். ஓ, நிறையச் செய்திருக்கிறேனே என்றேன். (அதுவரை நான் நிறையச் செய்தது புளியோதரைதான்.) பிள்ளைகளின் கட்டுரை, ஓவியம் எல்லாவற்றையும் இணையத்தில் ஒரே கோப்பில் சேர்ப்பதுதான் அது என்று பிறகு கேட்டறிந்தேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் அதைத் திறந்து எழுதலாம், அழிக்கலாம். பிள்ளைகள் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டு எனக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

வருடக் கடைசியில் பெற்றோர் நாள் வந்தது. தாளாளர் முன்னிலையில் பிள்ளைகளின் பக்கங்களைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். நன்றாக நடந்தால் என் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஜூனில் வேறு பள்ளி தேட வேண்டியதுதான்.

பெற்றோரும் கைப்பேசியில் பார்க்கட்டுமே என்று, பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த லிங்க்கையே அவர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். பார்க்க மட்டும் (வியூ ஒன்லி), திருத்தவும் என்று அதில் இரண்டு வகை அனுமதி உண்டாம். நான் எதைக் கண்டேன்?

நம் பெற்றோரைப் பற்றித் தெரியாதா? கண்காட்சிக்கு எரிமலை செய்வது அப்பா. அதைத் தூக்கிக்கொண்டு வருவது மட்டும்தான் பிள்ளை. அவர்களிடம் திருத்தும் அனுமதியைக் கொடுத்தது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான்.

முதலில் நிஹாரிகா மேடை ஏறினாள். தன் கட்டுரையைத் திரையில் பார்த்து வாசிக்க வேண்டும். "எங்கள் நாய் குண்டு" என்று தெலுங்கில் எழுதியிருந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் அந்த வரி "எங்கள் நாய் கம்பீரமான உடல்வாகு கொண்டது" என்று மாறியது. பின்வரிசையில் அவள் அப்பா குனிந்து கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது. கம்பீரம் போய் "சாதுவானது" வந்தது. மறுபடி கம்பீரம். இதற்கு நடுவே நாய்க்குப் புதிதாக ஒரு வாலும் முளைத்து, அது பொன்னிறம் என்றானது. நிஹாரிகா திரையைப் பார்த்துவிட்டு, "மேடம், இதி மா குக்க காது" என்றாள். இது எங்கள் நாயே இல்லை என்று தெலுங்கில் சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

அடுத்த பக்கத்துக்குப் போனால் அங்கேயும் வெட்டுக்குத்து. பதறிப்போய், கோப்பின் தலைப்புப் போட்டிருந்த முதல் பக்கத்துக்கே ஓடிவந்தேன்.

அங்கே என் கணவர் காத்திருந்தார்.

பள்ளித் தெலுங்கு ஒட்டிக்கொண்டு, அப்பாவை நான்னா என்றும் உனக்கு என்பதை நீக்கு என்றும் சொல்லும் எங்கள் மகள் மீனாவும் அதே வகுப்பு. ஆகவே அவரும் அந்தக் குழுவில் உண்டு. மாதாப்பூர் அலுவலகத்திலிருந்து நான்கைந்து முறை அழைத்திருக்கிறார். நான் எடுக்காததால் கோப்பிலேயே எழுதிவிட்டார். அதுவும் தலைப்பு இருந்த இடத்தில். அதனால் எழுத்தெல்லாம் தலைப்பு அளவுக்கு வந்து நின்றது:

"ஏளா, போனை எடு. எல்லாருக்கும் திருத்துற பர்மிஷன் குடுத்துட்ட. உடனே மாத்து. உங்க பிரின்சிபாலம்மா பாத்தா உன்னைக் கடிச்சு வச்சிரும்."

அது என்ன மொழி, என்ன எழுதியிருக்கிறது என்று பிரின்சிபாலம்மா கேட்டார். தமிழ் மேடம், அனைவரையும் வரவேற்கிறோம் என்று போட்டிருக்கிறது என்றேன். (இவ்வளவு நீளமாகவா என்று தாளாளர் கேட்டார். தமிழர்கள் அப்படித்தான் வரவேற்போம் என்றேன்.)

மூன்றாம் வரிசையில், என் வகுப்புப் பையன் ஒருவனின் அப்பா சம்பத் சார் எழுந்தார். பிரிட்டிஷ்காரன் காலத்திலிருந்து செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவர் தமிழில் ஏன் என்பது கைக்கு, வேண்டாம் என்பது நக்கோ.

"கைக்கு டீச்சர் பொய் சொல்றீங்க? பயம் நக்கோ. மேடம் நல்லவங்கதான்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, கடைசி வரி உட்பட அத்தனையையும் அழகான தெலுங்கில் மொழிபெயர்த்தார். அரங்கமே அதிர்ந்தது. தாளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நான் மேடையிலேயே கரைந்து போய்விடமாட்டேனா என்று நின்றேன்.

மாலையில் பிரின்சிபால் அறைக்குள் போகும்போது அழுதுவிடக் கூடாது என்பது மட்டுமே என் வேண்டுதல். அவர் நிமிர்ந்து பார்க்காமல், முதலில் அந்தக் குழந்தை எழுதியதை அப்படியே திரும்பக் கொண்டுவா, நாய் குண்டாகவே இருக்கட்டும் என்றார். நிரந்தர ஆணையை ஒரு பருவம் கழித்துத் தருவதாகச் சொன்னார். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு, "வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, நான் கடிக்கிறதில்ல" என்று இந்தியில் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஆணை வந்துவிட்டது; ஆனால் வீட்டில் என் மரியாதை திரும்பவில்லை. நேற்றுகூட நான் வைத்த சாம்பாரை ருசி பார்த்துவிட்டு, உப்பு ஜாடியை நோக்கி என் கணவர் கையை நீட்டினார். மீனா தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே அப்பாவிடம் சொன்னாள்:

"நான்னா, நீக்கு வியூ ஒன்லி."