கொம்பன் பாஸ் ஆன கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது என்றுதான் ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் இந்தக் கதை நடந்தபோது சிங்கம் ஊரில் இல்லை. யாரும் தேடவும் இல்லை. காடே கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்து அலைந்துகொண்டிருந்தது. ஆகவே ஒரு காட்டில் ஒரு புள்ளிமான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

மானுக்குக் கை ஏது, பந்தை எப்படிப் பிடிக்கும் என்று கேட்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். மான் பேசும் என்றால் தலையாட்டுவீர்கள், பந்து போடும் என்றால் மட்டும் சட்டம் பேசுவீர்களா? நல்ல நியாயம்.

அந்த மானின் பெயர் கொம்பன். போன மழைக்குத்தான் கொம்பே முளைத்தது. அதற்குள் ஒரு துள்ளு துள்ளினால் கூடைக்கு மேலே தலை தெரியும். கிளிகள் அவன் ஆட்டத்தைப் படம் பிடித்துக் காடு முழுக்க அனுப்பின. "என் உடம்புல எத்தனை புள்ளி இருக்கோ, அத்தனை புள்ளியும் ஒரே ஆட்டத்துல எடுப்பேன்" என்பான். எடுக்கவும் செய்தான், அதுதான் வயிற்றெரிச்சல். கொஞ்ச நாளில் அவனைப் பெரும்புள்ளி என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள்.

மைதானத்து ஓரத்தில் ஒரு நாவல் மரம். அதன் அடியில் பழைய ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஆடி ஓய்ந்தவர்கள் கோட்டுக்கு வெளியே இருந்து எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம் என்பது அந்தக் காட்டு வழக்கம். பென்ஷன் என்று வேறெதுவும் கிடையாது. அதில் முக்கியமானவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஆமை. முதுகில் கிடந்த ஓட்டைத் தவிர வேறு சொத்து இல்லாததால் அவருக்கு ஓட்டாண்டி என்று பெயர். ரப்பர் பந்து வருவதற்கு முன்னால், விளாங்காயை வைத்து ஆடிய காலத்தில் அவர்தான் அணித்தலைவர். இன்னொருவர் கருப்பட்டி என்கிற கிழட்டுக் கரடி. மனதில் பட்டதை அப்படியே சொல்லிவிடுகிற சுபாவம். அப்படிச் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு பல்லாக இழந்து, இப்போது பொக்கைவாய்.

கொம்பனுக்கு இவர்களைக் கண்டாலே இளக்காரம். "விளாங்காய் உருட்டினவங்க எல்லாம் எனக்குச் சொல்லித் தரணுமாக்கும்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவான்.

ஓட்டாண்டிக்கு அது உறுத்தவில்லை. அவருடைய கவலை குளத்தைப் பற்றியது.

வடகரைக் காட்டுக்கும் தென்கரைக் காட்டுக்கும் நடுவில் அல்லிக்குளம் என்று ஒரு குளம். கோடைக்கு முன்னால் இரண்டு காடும் ஒரு ஆட்டம் ஆடும். ஜெயித்தவர்களுக்கு மழை வரும்வரை குளம். தோற்றவர்கள் காட்டைத் தாண்டி வாய்க்காலுக்குப் போய்த்தான் தண்ணீர் குடிக்க வேண்டும். அங்கே ஒரு கொக்கு டோக்கன் கொடுக்கும். ஒற்றைக் காலில் நின்றபடி, "சர்வர் டவுன், மத்தியானம் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும்.

போன வருஷம் கொம்பனின் வடகரைக் காடு தோற்றது. ஓட்டாண்டி பாவம், அன்றைக்கே வாய்க்காலுக்குக் கிளம்பினார். வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்ந்தபோது மழையே வந்துவிட்டது. நடுவில் நரி ஒன்று பரிதாபப்பட்டுத் தொன்னையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததால் பிழைத்தார். "இந்த வருஷமும் தோத்தோம்னா நான் பாதி வழியிலயே காஞ்சு கருவாடாயிடுவேன்டா கருப்பட்டி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கரடியும் யோசித்துப் பார்த்து, "ஆமா, ஆயிடுவே" என்றார். நான்தான் சொன்னேனே, அவர் சுபாவம் அப்படி.

இந்த நிலையில்தான் ஒரு பயிற்சி ஆட்டம். கொம்பனைச் சுற்றி மூன்று பேர் மறித்து நின்றார்கள். நாவல் மரத்தடியிலிருந்து கருப்பட்டி தொண்டை கிழியக் கத்தினார்: "பாஸ், பாஸ்!"

பந்தை அடுத்தவனுக்குக் கொடு என்று அர்த்தம். கொம்பன் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே, கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவார்களே, அந்த பாஸ். இங்கிலீஷ்காரன் இரண்டுக்கும் இரண்டு எழுத்து வைத்துப் பிழைத்துக்கொண்டான். நமக்கு இருப்பது ஒரே ப. பல் இல்லாத கரடி வாயில் அந்த ஒரு ப-வும் என்ன பாடுபடும் என்று பாருங்கள். எழுதிக் காட்டலாம் என்றால் என்னாலும் முடியாது. இரண்டும் பாஸ்தான்.

கொம்பன் அப்படியே நின்றுவிட்டான். உடம்பு சிலிர்த்துப் போனது. காட்டிலேயே மூத்தவர், அவ்வளவு பெரிய கரடி, தன்னைப் பார்த்து பாஸ் என்கிறார். மரத்தடியைப் பார்த்துத் தலையைக் குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். பிறகு மூன்று பேரையும் தாண்டிக் குதித்துத் தானே பந்தைப் போட்டான்.

"பாத்தியா, சொன்னதைக் காதுல வாங்கிட்டான். எவ்வளவு மரியாதையா கும்பிட்டான்" என்றார் ஓட்டாண்டி.

"பாஸ் பண்ணலையே" என்றார் கருப்பட்டி.

"புதுசுல்ல, போகப்போக வரும்."

அன்றிலிருந்து மூத்தவர்கள் பாஸ் பாஸ் என்று கத்துவதும், கொம்பன் கும்பிடு போடுவதும், தானே பந்தைப் போடுவதுமாக நாட்கள் போயின. கொம்பன் ஆளே மாறிவிட்டான். காலையில் ஓட்டாண்டிக்குக் கொழுந்து கொண்டுவந்து வைப்பான். கருப்பட்டியின் முதுகைச் சொறிந்துவிடுவான். சின்னப் பசங்கள் யாராவது மரத்தடியைப் பார்த்துச் சிரித்தால், "பெரியவங்கடா அவங்க, தரம் தெரிஞ்சவங்க" என்று அதட்டுவான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று காடே மூக்கில் விரல் வைத்தது.

அணியில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். ஒரு நரி, ஒரு கீரி, ஒரு மந்தி, அப்புறம் ஒரு முள்ளம்பன்றி. முள்ளம்பன்றிக்குக் குத்தாலம் என்று பெயர். ஊர்ப் பெயர் இல்லை, குத்துவதால் வந்த பெயர். பந்து வெடித்துவிடும் என்று பயந்து அவளுக்கு யாரும் பந்தே கொடுத்ததில்லை. அவளும் கூடைக்கு அடியில் ஒரு ஓரமாக நின்று, ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்குப் போவாள். கோபமோ தலைகால் புரியாத சந்தோஷமோ வந்தால் முள் நிற்கும், நல்லபடியாகப் பேசினால் படிந்துவிடும் என்பது அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். நல்லபடியாகப் பேசிப் பார்த்தவர்கள் வேறு யாரும் இல்லை.

பெரிய ஆட்டம் வந்தது. தென்கரைக்காரர்கள் விவரமானவர்கள். வடகரை அணியில் ஆடுவது ஒருவன்தான் என்று தெரிந்துகொண்டு, நாலு காட்டெருமைகளை ஒரு குரங்கோடு அனுப்பியிருந்தார்கள். நாலும் போய்க் கொம்பனைச் சுற்றிச் சுவர் மாதிரி நின்றுகொண்டன. அவனால் அசையக்கூட முடியவில்லை. மரத்தடியிலிருந்து பாஸ் பாஸ் என்று கதறினார்கள். கொம்பன் எருமைகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்ட நேரத்தில் குரங்கு பந்தைப் பிடுங்கிக்கொண்டு போனது.

இடைவேளையில் வர்ணனைக் கிளி மைக்கைப் பிடித்துச் சொன்னது: "மூத்த வீரர்கள் பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு என்று எவ்வளவோ சொல்லியும் கொம்பன் ஒருமுறைகூடப் பாஸ் பண்ணவில்லை."

கொம்பன் காதை நிமிர்த்தினான். "பண்றதா? பாஸை எப்படிப் பண்றது?" என்று கீரியைக் கேட்டான்.

"பந்தை எங்களுக்குக் குடுக்கறதுதான் அண்ணே பாஸ். அதைத்தானே அவங்க இத்தனை நாளா தொண்டை வறளக் கத்தறாங்க."

கொம்பன் முகம் செத்துப்போய்விட்டது. நேராக நாவல் மரத்தடிக்குப் போய் நின்றான். "அப்ப நீங்க என்னை ஒரு நாள்கூட பாஸ்னு கூப்பிடலையா?"

கருப்பட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாஸா? நீயா? நேத்து முளைச்ச கொம்பு. நீ என்ன பெரிய கொம்பனா?"

"பேரே அதுதானே" என்றான் கொம்பன். பந்தைக் கீழே வைத்துவிட்டு மரத்துக்குப் பின்னால் போய்ப் படுத்துக்கொண்டான். "நான் ஆடல. விளாங்காய் உருட்டினவங்களே போய் ஆடட்டும்."

ஓட்டாண்டிக்கு ஓட்டுக்குள் இருந்த உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. கண்ணெதிரே குளம் மின்னுகிறது. வாய்க்கால் வழி நெடுகக் கொதிக்கும் மணல் ஞாபகம் வருகிறது. இந்த இடத்தில் ஒரு நல்ல கதையில் என்ன நடக்கும்? பெரியவர் சின்னவனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒற்றுமை, பணிவு, விட்டுக்கொடுத்தல் என்று நாலு நல்ல வார்த்தை சொல்வார். சின்னவன் கண்ணீர் விடுவான். ஓட்டாண்டி அனுபவஸ்தர். நல்ல வார்த்தை சொல்லித் திருந்தியவர்களை அவர் பார்த்ததே இல்லை. அதனால் கூசாமல் பொய் சொன்னார்.

"தம்பி, கரடிக்குக் காதும் போச்சு, புத்தியும் போச்சு. நான் உன்னை பாஸ்னுதான் கூப்பிட்டேன். என் ஓட்டு மேல சத்தியம்."

கொம்பன் ஒரு காதை மட்டும் திருப்பினான்.

"ஆனா எனக்கு ஒரு வருத்தம். பாஸ்னு கூப்பிட்டேன், நீ பாஸ் மாதிரி நடந்துக்கலையே. காட்டோரத்துல ஒரு ஆபீஸ் இருக்குல்ல, அங்க தண்ணித்தொட்டியில கொஞ்ச காலம் இருந்தவன் நான். பாஸ் எப்படி இருப்பார்னு பாத்திருக்கேன். ஒரு ஃபைல் வந்தா கையிலயே வெச்சுக்க மாட்டார். இதை நீங்க பாத்துக்கங்கன்னு உடனே தள்ளிடுவார். இனிக்க இனிக்கப் பேசித் தள்ளுவார். ஓடறது, குதிக்கறது, வேர்க்கறது எல்லாம் கூலிக்காரன் வேலை. உன்னைப் பாத்தா எனக்கே பாவமா இருக்கு. காட்டுக்கே பாஸ், இப்படி ஒத்தையா லோல்படறியே."

கொம்பன் எழுந்து உட்கார்ந்தான். "நான் தள்ளணுமா?"

"வர்றது எதுவானாலும் தள்ளு. பாஸ் கையில வேலை தங்கலாமா?"

கருப்பட்டி வாயைத் திறந்தார். ஓட்டாண்டி அவர் காலை ஒரு கடி கடித்தார். கருப்பட்டி வாயை மூடிக்கொண்டார்.

மறுபாதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இன்னும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள். கொம்பன் மைதானத்தில் ஓடவில்லை, உலாத்தினான். பந்து வந்ததும், "நரி சார், இதை நீங்க கொஞ்சம் பாத்துக்கங்க" என்று தள்ளினான். காட்டெருமைகள் நரிப் பக்கம் பாய்ந்தன. நரி திருப்பிக் கொடுத்தது. "மந்தியம்மா, அர்ஜென்ட், முடிச்சுட்டுச் சொல்லுங்க" என்று அந்தப் பக்கம் தள்ளினான். எருமைகள் அங்கே ஓடின. "கீரித் தம்பி, இது நேத்தே முடிஞ்சிருக்கணும்" என்றான். கீரி பதறிப்போய்க் கூடையில் போட்டுவிட்டது. யாரிடம் பந்து, யாரை மறிப்பது என்று தெரியாமல் எருமைகள் நுரை தள்ள அலைந்தன. இத்தனைக்கும் நடுவில் கொம்பன் மேல் ஒரு சொட்டு வேர்வை இல்லை.

கடைசி நேரம் வந்தது. ஒரு கூடை விழுந்தால் ஜெயம். பந்து கொம்பனிடம். அந்த நேரம் பார்த்து எதிரே ஒரு எருமையும் இல்லை. ஒரே துள்ளு, தானே போட்டுவிடலாம். அவன் கால் நாலும் பரபரத்தன. காடு முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டது. ஓட்டாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பாஸ்" என்றார். சத்தமே வரவில்லை, காற்றுதான் வந்தது.

கொம்பன் காதில் அது விழுந்தது. துள்ளப்போன காலைக் கீழே வைத்தான். எருமைகள் அதற்குள் திரும்பி வந்து சூழ்ந்துவிட்டன. கூடைக்கு அடியில், யாரும் கிட்டே போகத் துணியாத இடத்தில், குத்தாலம் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"குத்தாலம் அக்கா, இது உங்களால மட்டும்தான் ஆகும். கொஞ்சம் பாருங்களேன்" என்றான்.

பிறந்ததிலிருந்து அம்மாவைத் தவிர யாரும் அவளிடம் அப்படிப் பேசியதில்லை. குத்தாலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. நின்றிருந்த முள் எல்லாம் சரசரவென்று படிந்தன. பந்தை வாங்கினாள். அது வெடிக்கவில்லை. போட்டாள். விழுந்தது. ஊதல் ஊதிவிட்டார்கள்.

வடகரைக் காடு கூத்தாடியது. எல்லோருமாகச் சேர்ந்து கொம்பனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். அவன் மேலே இருந்தபடியே, "என் தலைமையில் அனைவரும் சிறப்பாகப் பணியாற்றினார்கள்" என்று பேசினான். மறுபாதியில் அவன் எடுத்த புள்ளி ஒன்றுகூட இல்லை. குத்தாலத்தையும் தூக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். சந்தோஷத்தில் அவள் முள்ளெல்லாம் மறுபடி நின்றுவிட்டதைப் பார்த்துவிட்டு, எல்லோரும் தூர நின்றே கைதட்டினார்கள்.

அன்று சாயங்காலம் ஓட்டாண்டி அல்லிக்குளத்தில் மல்லாக்க மிதந்துகொண்டிருந்தார். கொம்பன் கரையில் வந்து நின்றான். "ஐயா, உங்க காலத்துல நீங்களும் பாஸ்தானே?"

"அதெல்லாம் இல்லப்பா. எனக்கு ஓட முடியாது. விளாங்காய் கையில வந்தா பயத்துல உடனே யார்கிட்டயாவது தள்ளிடுவேன். அதைப் பாத்துட்டு, இவன்தாண்டா தலைவன்னுட்டாங்க."

கொம்பன் சிரித்தான். "நீங்க சொன்னது பொய்னு அப்பவே தெரியும்யா. ஓட்டு மேல சத்தியம் பண்ணும்போது ஓட்டுக்குள்ள தலையை இழுத்துக்கிட்டீங்க" என்றான்.

"தெரிஞ்சேதான் ஆடினியா?"

"கேக்க நல்லா இருந்துது. இன்னொரு தடவை கூப்பிடுங்க."

ஓட்டாண்டி தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி அவனைப் பார்த்தார். "பாஸ்" என்றார். எந்தப் ப என்று எனக்குத் தெரியாது. கொம்பன் கேட்கவில்லை. தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

நீதி: மூத்தோர் சொல்லைக் கேள், சரியாகக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கையில் வந்ததைத் தள்ளிவிடுகிறவரே பாஸ். அதை வாங்கிக் கூடையில் போடுகிறவரைத் தூக்கிக் கொண்டாட ஆசைதான், குத்துமே.