முதல் மாநிலத்தில் மூன்றாம் இடம்

அன்புத் தங்கை லோர்னாவுக்கு,

அண்ணன் ஆல்டன், நியூ ஹாம்ப்ஷயரிலிருந்து, முழங்கால் வரை பனியில் நின்று எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். நாங்கள் சுகமில்லை.

ஓட்டு முடிந்த கையோடு உன் வீட்டுக்காரரை வீடு சேர்ப்பேன் என்று உனக்குச் சத்தியம் செய்து கொடுத்தவன் நான். அதனால் ஒளிக்காமல் எழுதுகிறேன். நம்ம ஊரில் ரெண்டு தரம் மேயராக இருந்தவரை வெளியே ஒரு நாய்க்குக்கூடத் தெரியாது. ஆனால் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு முதலில் இந்தச் சின்ன மாநிலத்தில்தான், இங்கே பேர் வாங்கிவிட்டால் அடுத்த மாநிலத்துக்கு ஒரு மாசம் இருக்கு, அதற்குள் நாடே நம்மைத் தெரிஞ்சுக்கும் என்பது மாப்பிள்ளையின் நினைப்பு.

இந்த ஊர்க்காரங்க இருக்காங்களே, வேட்பாளரே அடுப்பங்கரையில வந்து உட்கார்ந்து பேசினாத்தான் ஓட்டு. பத்து மாசத்துல நானூறு அடுப்பங்கரை, நானூறு தட்டு அவிச்ச பீன்ஸ். திபோடோங்கிற அம்மா வீட்டுக்கு மூணு தரம் போயாச்சு. "உங்க ஆளு நல்லவர்தான். ஆனா மூணு தரம்தானே பார்த்திருக்கேன், அதுக்குள்ள எப்படி முடிவு பண்றது? கடைசி ரெண்டு வாரத்துல வரச் சொல்லுங்க"ங்குது. எல்லா வீட்டுலயும் இதே பேச்சு. சரின்னு இருந்தோம். தெற்கே ஒரு மாநிலம் தன் தேதியை முன்னாடி இழுத்துச்சு. நாங்கதான் முதல்ல, சட்டமே இருக்குன்னு இந்த ஊர்க்காரங்க தங்க தேதியை மூணு வாரம் முன்னாடி இழுத்தாங்க. அந்தக் கடைசி ரெண்டு வாரம் காணாமலே போச்சு. நாங்க மட்டும் இளிச்சவாயனான்னு இன்னும் பதினாலு மாநிலம் சேர்ந்து, இங்க ஓட்டு முடிஞ்ச அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்து உட்கார்ந்துக்கிச்சு.

அப்படியும் மாப்பிள்ளை மூணாவதா வந்தார், லோர்னா. நான் அழுதுட்டேன். மறுநாள் ஒரு டிவி பொண்ணு மைக்கோட வந்து, "யார் சார் நீங்க?"ன்னு கேட்டுச்சு. இவர் தொண்டையைச் செருமி, "எங்க ஊர்ல ரெண்டு தரம்..."னு ஆரம்பிச்சார். அதுக்குள்ள அதுக்குப் போன். "சாரி சார், கலிஃபோர்னியாவுக்கு ஃப்ளைட்"டுன்னு கிளம்பிடுச்சு. நாடு இவரைத் தெரிஞ்சுக்கிட்ட லட்சணம் அவ்வளவுதான். பெரிய ஆளுங்க விமானத்துல பறக்கறாங்க, ஹீட்டர் செத்துப்போன வேன்ல நாங்க ஏழு நாள்ல பதினாலு மாநிலம் எங்கே போறது? இவர் மேப்பை மடியில விரிச்சுக்கிட்டு, "மச்சான், மாநிலத்துக்கு ஒரே ஒரு அடுப்பங்கரைன்னு வெச்சுக்கிட்டா?"ங்கறார். "போதும் மாப்பிள்ளை, விலகிடுங்க"ன்னேன். அவர் மேப்பை மடிச்சு வெச்சார். அப்புறம், "சரி, வீட்டுக்குப் போலாம்"னார்.

பெட்டியெல்லாம் ஏத்தியாச்சு. சனிக்கிழமை வந்துடுவோம். அவர்கிட்ட தேதிப் பேச்சே எடுக்காதே. பிள்ளைகளுக்கு மாமாவின் ஆசிகள். கர்த்தர் உனக்குப் பொறுமையைக் கூட்டித் தரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் ஆல்டன்

பி.கு.: கவரை ஒட்டும்போது ரேடியோவில் செய்தி. அடுத்த தடவை நம்ம மாநிலமே முதல்ல ஓட்டு நடத்தப்போகுதாம். மாப்பிள்ளை இப்பவே, "எங்க அடுப்பங்கரைக்கு வாங்க, பேசலாம்"னு ஊர் முழுக்கப் போன் போட்டுட்டார். சனிக்கிழமையிலிருந்து வாராவாரம் உன் வீட்டுக்கு நாற்பது பேர் வர்றாங்க, நாலு வருஷத்துக்கு. சொன்ன சொல் தவறாம அவரைக் கொண்டுவந்து சேர்த்துடறேன். நீ பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு என் வீட்டுக்குப் போயிடு. சாவி பின்வாசல் பூந்தொட்டிக்கு அடியில இருக்கு.