போன தடவைக்காரர்

குடவாசலில் ஒரு பள்ளிக்கூடத்தின் ஒன்பதாம் வகுப்புக்குக் காதர் மைதீன் ஒரு மான் கடன்பட்டிருந்தார். பணமாக இருந்தால் நாளைக்கு, நாளை மறுநாள் என்று இழுத்தடித்திருப்பார், மானாகப் போய்விட்டது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்து, "புவியியல் டூருக்குக் கோடியக்கரை போறீங்கள்ல, நானும் கூட வர்றேன். மான் காட்டறது என் பொறுப்பு. காட்டலைன்னா ஆளுக்கு அம்பது ரூபா" என்று அறிவித்துவிட்டு, கைதட்டலையும் தாமே தொடங்கி வைத்தார்.

ஊருக்கு அவர் சிமெண்டுக் கடைக்காரர், அந்தக் கழகத்தின் தலைவர். ஆனால் அவருடைய இனம் வேறு. அவர் போன தடவைக்காரர். உங்களுக்கு நன்றாகத் தெரிந்தவர்தான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், போன தடவை இதே மண்டபத்தில் போட்ட பிரியாணியைச் சொல்லியே உங்கள் வாயிலிருக்கும் பிரியாணியைச் சப்பென்றாக்குவார், ஆற்றில் தண்ணீர் வந்தால் போன தடவை எந்தப் படியைத் தொட்டது என்று விரல் நீட்டி இந்தத் தடவைத் தண்ணீரைக் கூனிக் குறுக வைப்பார், ஆஸ்பத்திரிக்குப் போனால் போன தடவை இதே கட்டிலில் கிடந்தவரைப் பற்றி ஆரம்பித்து, அவரை எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதில் முடிப்பார். கட்டிலில் கிடப்பவருக்கு எப்படி இருக்கும்? அது அவர் கவலையில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, கல்லாவில் உட்கார்ந்தபடியே மனிதர்களைக் கரைத்துக் குடித்தவன் நான் சொல்கிறேன், கேளுங்கள்: இந்த இனத்துக்கு வாய் வலித்ததாகச் சரித்திரமே இல்லை.

டூர் பஸ் கிளம்பியது. திருத்துறைப்பூண்டியில் டீ. "போன தடவை இந்தக் கடை வடை உள்ளங்கை அகலம் இருந்துச்சு." வேதாரண்யத்தில் உப்பளம். கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவிடுவதை மாலதி டீச்சர் விளக்கத் தொடங்கினார். பிள்ளைகள் குறிப்பெடுக்கக் குனிந்தார்கள்.

"போன தடவை உப்பு இதைவிட வெள்ளை" என்றார் காதர் மைதீன்.

பாடம் அத்தோடு முடிந்தது.

கோடியக்கரைச் சரணாலயத்துக்குள் அவர்தான் முன்னால் நடந்தார், கையில் ஒரு குச்சி. "சத்தம் போடாதீங்க, மான் மிரண்டுரும்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னார். ஒரு மரத்தடியில் நின்று, பிள்ளைகள் பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்தார். "போன தடவை இதே இடத்துல ஒரு கலைமான். முறுக்குக் கொம்பு. இங்கேருந்து இதுவரைக்கும்."

அவர் முதுகுக்குப் பின்னால், கொம்பில்லாத பழுப்புநிறப் பிராணிகள் நான்கைந்து புதரிலிருந்து புல்வெளிக்கு வந்து நின்றன. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. என்ன இந்த அமைதி என்று அவர் திரும்பிப் பார்த்தார்.

"ச்சூ, ஓடு. பாருங்க டீச்சர், சரணாலயத்துக்குள்ள எவனோ ஆட்டை ஓட்டிவிட்டிருக்கான்" என்று குச்சியை வீசினார்.

ஆடுகள் ஆளுயரத்துக்கு எம்பி, அந்தரத்தில் ஒரு கணம் தங்கி, காட்டுக்குள் மறைந்தன. அப்புறம் சாயங்காலம் வரை நடந்தும் காக்கை குருவியைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

பஸ் அருகில் வகுப்புத் தலைவி ஜஸீலா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"மாமா, நீங்க வெரட்டுனது என்னது?"

"ஆடும்மா."

"நல்லாத் தெரியுமா மாமா?"

"போன தடவை மானைப் பக்கத்துல நின்னு பாத்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?"

"அப்ப மான் இன்னும் காட்டலையே. நாங்க நாப்பது பேரு."

மாலதி டீச்சருக்குப் பாவமாக இருந்தது. "சார், அது வெளிமான்தான். அதுல பொட்டைக்குக் கொம்பு வராது. நீங்க மானைக் காட்டிட்டீங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, போதும்."

"ஆமான்னு சொன்னா, மானையே தெரியாதவரு போன தடவை எதைப் பாத்தாருன்னு கேப்போம் டீச்சர்" என்றாள் ஜஸீலா.

ஒரே வார்த்தை. சொன்னால் இரண்டாயிரம் ரூபாய் மிச்சம். காதர் மைதீன் யோசித்தார். போன தடவை சிமெண்டு பாக்கி வசூலுக்கு வேதாரண்யம் பஸ் ஸ்டாண்டு வரை வந்திருந்தார். அங்கே ஒரு விளம்பரப் பலகையில் கலைமான் ஒன்று முறுக்குக் கொம்போடு நின்றது. டீ குடித்து முடிக்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஊர் திரும்பிவிட்டார். இது அவருக்கு மட்டுமே தெரியும். இப்போது உங்களுக்கும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மைத்துனர் ஊட்டிக்குக் கிளம்பியபோது, எந்த வளைவில் எந்தக் கடை என்று அவருக்கு வழி சொல்லி அனுப்பினீர்களே, அதில் நீங்கள் போய்ப் பார்த்தது எவ்வளவு, போனில் பார்த்தது எவ்வளவு? எதற்கும் உங்கள் சட்டைப்பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆடுதான்" என்றார் காதர் மைதீன்.

ஜஸீலா கையை விரித்தாள்.

"போன தடவை நான் இதைவிட ஜாஸ்தி குடுத்தேன்" என்று சொல்லிக்கொண்டே, அந்த உள்ளங்கையில் ஐந்நூறு ரூபாய் நோட்டுகள் நான்கை ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.