நோன்பு மாதத்தில் இளைத்த புத்தளம்

புத்தளத்தில் வயதை மறைத்தவர் உண்டு, வருமானத்தை மறைத்தவர் உண்டு. தராசு நானாவிடம் எடையை மறைத்துப் பிழைத்தவர் ஒருவரும் இல்லை. எங்கள் சுகாதார அலுவலகத்தில் ஆட்களை நிறுக்கிற வேலை அவருடையது. பெண்கள் தராசில் ஏறும்போது மரியாதைக்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்பார். நின்றபடியே, "ராத்தா, மத்தக் காலையும் தராசில வைங்க" என்பார். எப்படித் தெரியும் என்பது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். பெரிய டொக்டரானாலும் சப்பாத்தைக் கழற்றினால்தான் நிறுப்பார். எங்கள் எல்லோருடைய எடையும் அவருக்கு மனப்பாடம்.

உடற்பருமனைக் குறைக்கும் தேசியத் திட்டம் எங்கள் பக்கம் ஒரு வருடம் நடந்தது. மாலை நடை, சீனி போடாத தேநீர், எண்ணெய் குறைந்த சமையல் என்று ஏகப்பட்ட வகுப்புகள். தொடக்கத்திலேயே ஊராரை ஒரு தடவை நிறுத்துக் குறித்து வைத்திருந்தார் நானா. பலன் கிடைத்ததா என்று மதிப்பிட்டுக் கொழும்புக்கு அறிக்கை அனுப்புவது, தற்காலிக ஊழியனான என் தலையில் விழுந்தது. அறிக்கை நன்றாக அமைந்தால் என் வேலை நீடிக்கும் என்று காதில் போட்டிருந்தார்கள். வீட்டில் மனைவிக்கு எட்டாம் மாதம்.

நோன்பு பிடிக்காத இந்து ஊரான உடப்பிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற எனக்கு, இரண்டாம் தடவை நிறுக்க அபாரமான யோசனை ஒன்று தோன்றியது. நோன்பு மாதக் கடைசி வாரம், பின்னேரம். எல்லோரும் வீட்டில் இருப்பார்களே!

"தம்பி, நோம்போடயா நிறுக்கப் போறீங்க? வயித்தில ஒரு சொட்டுத் தண்ணி இரிக்காதே!" என்றார் நானா.

"நாள் இல்ல நானா. அறிக்கை போகோணும்."

நிறுத்தோம். ஊரே இளைத்திருந்தது! பேக்கரி முதலாளிகூட இளைத்திருந்தார். திட்டம் வென்ற சந்தோஷத்தில் அலுவலகத்தில் கேக் வெட்டினோம். நானா மட்டும் தொடவில்லை. நோன்பு என்று நினைத்தேன்.

"நோம்பு இளைக்க வெச்சத திட்டத்திட பேருல போடுறீங்களே தம்பி" என்றார். நான் கேட்கவில்லை; அறிக்கையை அனுப்பிவிட்டேன்.

பெருநாள் முடிந்து பத்தாம் நாள், தராசைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்விட்டார் மனிதர். வட்டிலப்பமும் புரியாணியும் நன்றாக வேலை செய்திருந்தன. பேக்கரி முதலாளி போன வருட எடையையும் தாண்டியிருந்தார். பட்டியலை என் மேசையில் வைத்தார் நானா.

"இதையும் அனுப்புங்க."

"ஐயோ நானா, என்ட சோத்தில மண்ணள்ளிப் போடாதீங்க! மனுசி பிள்ளப்பெற இருக்கிறா."

"விளங்குது தம்பி. ஆனா இந்தப் பொய் எடைய நம்பி நாடு முழுக்க இதையே செஞ்சா, ரத்தத்தில சீனி கூடின வருத்தக்காரனெல்லாம் சுகமெண்டு நெனச்சிக்கிட்டு இரிப்பான். அனுப்புங்க."

அனுப்பினேன், அவரை மனதுக்குள் திட்டித் தீர்த்தபடி. அதன் பிறகு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தொலைபேசி அடித்தால் கொழும்புதான் என்று விழுந்தடித்து ஓடுவேன். சோற்றுத் தட்டை அப்படியே மனைவி பக்கம் தள்ளிவிடுவேன். அவள் எனக்காகவும் சேர்த்துச் சாப்பிட்டாள். மூன்று கிழமை கழித்துத்தான் கொழும்பிலிருந்து ஒரு அம்மையார் பேசினார். மறைக்காமல் அனுப்பியதற்கு நன்றி சொன்னார். மூன்று மாதம் விட்டு ஒழுங்காக நிறுத்து அனுப்பச் சொன்னார். அதுவரை வேலையில் நானே இருக்கலாமாம், பிறகு பார்க்கலாமாம்.

நானாவிடம் ஓடினேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். "தராசில ஏறுங்க."

ஏறினேன். ஐந்து கிலோ குறைந்திருந்தேன்.

"இந்தத் திட்டத்தில மெய்யா இளைச்சது நீங்க ஒராள்தான். வாங்க ஊட்டுக்கு."

அன்று மத்தியானம், அவர்கள் வழக்கப்படி ஒரே சஹன் தட்டில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஊரை இளைக்கவைக்கச் சம்பளம் வாங்குகிற மனிதர், தன் பக்கத்துக் கோழித் துண்டுகளை ஒவ்வொன்றாக என் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார். திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"கதைக்காமத் தின்னுங்க தம்பி" என்றார், அடுத்த துண்டைத் தள்ளியபடி. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.